தன்பாலீர்ப்பு ஓவியன் ஒருவனின் கதையைக் கோலாலம்பூரில் படமாக்க முடியுமா?

கேள்வி இது: வயது 24, சொந்த ஊர் பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த், இப்போது கோலாலம்பூரில் படத்தொகுப்பு உதவியாளர் வேலை. கையில் காசில்லாமல் தலைநகரில் காலம் தள்ளும் ஓர் இளம் தமிழ் ஓவியன் இன்னோர் ஆணை விரும்புகிறான். அவன் ஆளாகி வரும் கதையைச் சொந்தச் செலவில் முழுநீளப் படமாக எடுக்க வேண்டும். "இங்கே எடுக்கவே முடியாது" என்று நண்பர்கள் சொல்வது உண்மையா? எடுத்தால் எங்கே காட்டுவது? பிரச்சாரப் படமாக ஆகாமல் எப்படி எழுதுவது?

எடுக்கலாம் தம்பி. இந்த ஊர்த் திரையரங்கில் போட்டு டிக்கெட் விற்கலாமா என்றால், நீங்கள் மனதில் வைத்திருக்கும் வடிவத்தில் முடியாது என்றுதான் சொல்வேன். எந்தக் கதவு மூடியிருக்கிறது, எது ஒருக்களித்துத் திறந்திருக்கிறது என்று தெரியாமல் முதல் பக்கத்தை எழுதாதீர்கள். அதனால் சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம்.

மலேசியாவில் தணிக்கை 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின்கீழ் நடக்கிறது. வாரியம் உள்துறை அமைச்சின்கீழ் இருக்கிறது. அவர்கள் பார்ப்பது நான்கு விஷயங்கள்: பாதுகாப்பும் பொது ஒழுங்கும், மதம், சமூகப் பண்பாடு, ஒழுக்கமும் நாகரிகமும். உங்கள் கதை நான்காவதில் நேராகப் போய் முட்டும். 2010இல் ஒரு தளர்வு வந்ததாகப் பேச்சு அடிபட்டது. தன்பாலீர்ப்புப் பாத்திரங்களைக் காட்டலாம், ஆனால் கடைசியில் அவர்கள் திருந்த வேண்டும் என்பதுதான் அந்தத் தளர்வு. அடுத்த ஆண்டே அந்த அச்சில் வார்த்த ஒரு மலாய்ப் படம் திரைக்கு வந்தது. அதில் காதலனுக்காகப் பெண்ணாக மாறிய நாயகன் கடைசியில் வருந்துகிறான். அப்படி ஒரு முடிவை எழுதத் தயார் என்றால் உங்களுக்குத் திரையரங்கு கிடைக்கலாம். நான் அதைச் செய்யச் சொல்லமாட்டேன். பார்க்க வருகிற பையன்களில் யாராவது ஒருவன் அந்த முடிவைத் தன் தலையில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவான்.

"நண்பர்களுக்கு மட்டும் தனியாகப் போட்டுக் காட்டினால் பரவாயில்லை" என்று நம் பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். தமிழர்களான நமக்கு இதில் ஓர் உதாரணம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். 2013இல் இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிய ஆவணப்படத்தைக் கோலாலம்பூரில் ஒரு சங்க மண்டபத்தில் காட்டியதற்காக மனித உரிமைச் செயற்பாட்டாளர் லீனா ஹென்றி இதே தணிக்கைச் சட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, 2017இல் அவருக்கு 10,000 ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். அது திரையரங்கே இல்லை, அழைப்பின்பேரில் வந்தவர்களுக்கான காட்சி. அந்தப் பிரிவின்படி 5,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். வாசகத்தில் காட்டுவது மட்டுமில்லை, பரப்புவதும் தயாரிப்பதும்கூட வருகின்றன. அதனால் எழுதி முடித்த கையோடு ஊடகச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் திரைக்கதையைக் கொடுங்கள். கேமரா வாடகைக்கு ஒதுக்கும் காசில் கொஞ்சம் அதற்குப் போகட்டும்.

இணையம் தப்பிக்கும் வழி என்று நினைப்பதும் அரைகுறை. 'மென்தெகா தெர்பாங்' என்ற சிறு முதலீட்டுப் படம் இங்கே திரையரங்குக்கே வரவில்லை. விழாக்களில் ஓடியது, பிறகு ஒரு இணையத் தளத்தில் வந்தது. 2023இல் அதைத் தடை செய்தார்கள். 2024 ஜனவரியில் இயக்குநர்மீதும் தயாரிப்பாளர்மீதும் மத உணர்வைப் புண்படுத்தியதாகத் தண்டனைச் சட்டத்தின் 298ஆம் பிரிவில் வழக்குப் போட்டார்கள். அந்தப் படத்தில் தன்பாலீர்ப்புக் காதல் கதையே இல்லை, வெவ்வேறு மதங்களில் மரணத்துக்குப் பிறகு என்ன என்று தேடும் ஒரு பெண்ணின் கதை. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, உடலைவிட மதம்தான் இங்கே கூடுதலாகச் சுடும் என்பது. நாயகனும் அவன் காதலனும் இருவரும் தமிழர்கள் என்றால் ஆபத்து ஒரு அளவு. காதலனை முஸ்லிம் பாத்திரமாக எழுதினால் அது வேறு அளவு, ஷரியா சட்டமும் அந்தக் கதைக்குள் வந்துவிடும். கலைக்கு அப்படிக் கோடு போடலாமா என்று நீங்கள் கேட்கலாம். போடக்கூடாதுதான். ஆனால் அந்தக் கோட்டை மிதித்தால் மாட்டிக்கொள்ளப்போவது நீங்கள் மட்டுமில்லை, அந்த வேடத்தில் நடிக்கும் பையனும்தான்.

தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் மதம் பார்ப்பதில்லை, எல்லாருக்கும் பொருந்தும். 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் அதில் இருக்கின்றன. அது செயலைப் பற்றிய சட்டம், படத்தைப் பற்றியது இல்லை. ஆனாலும் உங்கள் பாத்திரங்கள் அந்தச் சட்டத்தின் நிழலில்தான் கதவைச் சாத்துகிறார்கள் என்பது எழுதும்போது நினைவில் இருக்கட்டும்.

பினாங்கு கொஞ்சம் தாராளமான ஊர் என்ற எண்ணம் உங்களுக்கும் இருக்கும். 2018 ஆகஸ்டில் அதன் தலைநகரான ஜார்ஜ்டவுனில் நடந்த கலைவிழாவின் புகைப்படக் கண்காட்சியிலிருந்து, திருநர் உரிமைச் செயற்பாட்டாளர் நிஷா அயூப், தன்பாலீர்ப்பினர் உரிமைச் செயற்பாட்டாளர் பாங் கீ தெய்க் இருவரின் உருவப்படங்களையும் கழற்றச் செய்தார்கள். சுவரில் தொங்கிய இரண்டே படங்கள்! உங்கள் நாயகனுக்கு அப்போது 16, 17 வயது இருக்கும் என்றால், அவன் பள்ளி முடிந்து ஃபெர்ரி ஏறிப் போய் அந்த வெற்றுச் சுவரைப் பார்த்திருக்கலாம். சும்மா சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, கதைக்கு வருவோம். எனக்குப் பேச ஆசையும் இங்கேதான்.

இந்த வகைப் படங்கள் பெரும்பாலும் ஓவியத்தை அலங்காரமாக வைத்துக்கொள்கின்றன. பையன் மென்மையானவன், ஆகவே வரைகிறான். தன்னைப் பற்றிச் சொல்ல முடியவில்லை, ஆகவே வண்ணத்தில் சொல்கிறான். கடைசியில் கண்காட்சி, கைதட்டல், அப்பா வாசலில் நிற்கிறார். இதை எழுதாதீர்கள். உங்கள் கதையின் நடுவில் இருப்பது உள்ளே பூட்டிக்கொள்ளக்கூடிய ஓர் அறை. காதலுக்கும் அது வேண்டும், வரைவதற்கும் அது வேண்டும், இரண்டுக்கும் மாத வாடகை ஒன்றுதான். பட்டர்வொர்த் ஃப்ளாட்டில் மூன்று பேர் படுக்கும் அறையில் வளர்ந்தவனுக்கு நான்கு அடிக் கேன்வாஸ் வைக்க இடம் இருந்ததில்லை, தொலைபேசியில் மெதுவாகப் பேசவும் இடம் இருந்ததில்லை. அவன் கோலாலம்பூருக்கு வருவது சுதந்திரம் தேடி என்று வசனம் எழுத வேண்டாம். ஒரு தாழ்ப்பாள் தேடி வருகிறான்.

வந்தால் என்ன நடக்கும்? வாடகை விளம்பரங்களில் இந்தியர்களுக்கு இல்லை என்று பச்சையாகப் போட்டிருப்பதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். தொலைபேசியில் பேரைக் கேட்டதும் அறை திடீரென்று போய்விடும். அவன் முதலில் ஒளித்துவைக்கக் கற்றுக்கொள்வது தன் காதலை இல்லை, தன் பெயரை. குறுஞ்செய்தியில் பெயரைச் சுருக்கிப் போடுகிறான், சீன நண்பனைப் பேச வைக்கிறான். அந்தப் பழக்கம் பிறகு மற்றதற்கும் உதவுகிறது. இங்கே இருக்கும் ஒரு வேடிக்கையை நம் ஆட்கள் மட்டுமே சரியாக எழுத முடியும்: இரண்டு ஆண்பிள்ளைகள் ஓர் அறையை எடுத்தால் வீட்டுக்காரம்மா ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். ஒரு பெண் வந்து போனால்தான் பஞ்சாயத்து. "கூட்டாளி" என்றால் போதும். அம்மாவும் அதே சொல்லைத்தான் சொல்வார், "உன் கூட்டாளிக்கும் சேர்த்துக் கட்டியிருக்கேன்" என்று இரண்டு பொட்டலம் கொடுத்தனுப்புவார். எல்லாம் வெளிச்சத்தில் நடக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. இதில் இருக்கிற நகைச்சுவையை விட்டுவிடாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் மக்கள் சிரிக்கிற படமாக இருக்கலாம், தப்பே இல்லை.

பிழைப்பையும் குறிப்பாக எழுதுங்கள். கஷ்டப்படும் ஓவியன் என்றால் மெகி மீ கிண்டிச் சாப்பிடுகிறான் என்று காட்டி முடித்துவிடுவார்கள். கோலாலம்பூரில் தமிழ்ப் பையன் ஒருவன் வரைந்து எப்படிக் காசு பார்க்கிறான்? கல்யாண மணவறைக்குப் பின்னால் தெர்மோகோல் வெட்டுகிறான். தைப்பூசத்துக்கு முன் காவடி கட்டுகிற இடத்தில் நுரைப்பலகையைச் செதுக்கி வண்ணம் அடிக்கிறான். காப்பிக் கடைச் சுவரில் கேட்டதை வரைகிறான், அதுவும் பெரும்பாலும் பழைய சைக்கிளும் பூனையும்தான். 2012இல் ஜார்ஜ்டவுன் சுவர்களில் லிதுவேனிய ஓவியர் எர்னெஸ்ட் ஸகாரெவிச் வரைந்ததற்குப் பிறகு நாடு முழுக்கக் கடைக்காரர்களுக்கு அதே மாதிரி ஒன்று வேண்டும். மற்ற நேரம் கிராப் உணவு டெலிவரி. அப்புறம், தீபாவளிக்கு முன்னால் பேரங்காடிகளில் போடும் அரிசிக் கோலம். அதுதான் உங்கள் படத்தின் பெரிய காட்சி என்று நினைக்கிறேன்.

கிட்டே போய்ப் பாருங்கள். மலிவு அரிசியை வாளியில் கொட்டி, சாயத்தைக் கரைத்துக் கையால் பிசைகிறார்கள். காகிதத்தில் பரப்பிக் காயவைக்கிறார்கள். கடை மூடிய பிறகு தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, விடியும்வரை கோப்பை கோப்பையாகக் கொட்டி, அட்டைத் துண்டால் ஓரம் ஒதுக்குகிறார்கள். முதுகு விட்டுப்போகும். மயில் கழுத்து நீலம்தான் பொல்லாதது, நகக்கண்ணில் ஏறிவிட்டால் நாள்கணக்கில் போகாது. விழா முடிந்ததும் துப்புரவுப் பணியாளர் பெரிய துடைப்பத்தோடு வந்து எல்லா நிறத்தையும் ஒரே சாம்பல் குவியலாகக் கூட்டிப் பைக்குள் போடுவார். பையனின் ஆகப்பெரிய ஓவியம் அதுதான், ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தது, அவன் பெயர் எங்கும் இல்லை.

இப்போது அவன் கூட்டாளியும் அந்த இரவு உதவிக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் இருவரும் ரயில் ஏறி பட்டர்வொர்த் வீட்டுக்குப் போகிறார்கள். அம்மா சோறு போடும்போது இரண்டு கைகளையும் பார்க்கிறார். மகன் நகத்தில் இருக்கிற அதே நீலம் மற்றவன் நகத்திலும். அதற்குச் சுலபமான காரணம் இருக்கிறது, அதுவும் உண்மைதான். அம்மா ஒன்றும் கேட்பதில்லை. ஒரு எலுமிச்சையை இரண்டாக அறுத்து ஆளுக்கொரு பாதி கொடுத்து, "தேய்ச்சிட்டு வாங்க, அப்பா வர்ற நேரம்" என்கிறார். அவர் எதைக் கழுவச் சொல்கிறார் என்று பார்க்கிறவர்களே முடிவு செய்துகொள்ளட்டும். வசனத்தில் "எனக்குத் தெரியும்பா" என்று ஒரு வார்த்தை வந்தாலும் காட்சி போச்சு.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. தணிக்கையாளர் வெட்டுவது கண்ணுக்குத் தெரிவதை. 2022இல் 'லைட்இயர்' என்ற அசைபடத்தில் இரண்டு பெண்கள் முத்தமிடும் காட்சி இருந்தது, டிஸ்னி வெட்ட மறுத்தது, படம் இங்கே திரையரங்குக்கு வரவில்லை. எலுமிச்சையை எப்படி வெட்டுவார்கள்? ஆனால் இதையே நம்பி முழுப் படத்தையும் ஜாடையிலேயே எழுதிவிடாதீர்கள். ஜாடை ஒரு பழக்கமாகிவிட்டால் காதலே இல்லாத காதல் படமாகிவிடும். அந்த அறைக்குள் அவர்கள் இருவரும் சண்டை போட வேண்டும், பாத்திரம் கழுவுவது யார் என்று முறைத்துக்கொள்ள வேண்டும், தூங்குகிறவன் முதுகை மற்றவன் வரைய வேண்டும்.

முன்னோடி கேட்பீர்கள். கூச்சிங்கில் பிறந்து தைவானில் புகழ்பெற்ற சாய் மிங் லியாங், 2006இல் வந்த 'ஐ டோன்ட் வான்ட் டு ஸ்லீப் அலோன்' படத்தைக் கோலாலம்பூரில் எடுத்தார். அடிபட்டுக் கிடந்த ஒருவனைத் தூக்கிவந்து பார்த்துக்கொள்ளும் ஒரு தொழிலாளி, அவர்கள் நடுவே ஒரு பழைய மெத்தை. ஊரைத் தவறாகக் காட்டுகிறது என்று இங்கே முதலில் தடை செய்தார்கள், பிறகு வெட்டுகளோடு அனுமதித்தார்கள். மெத்தையைக் கவனியுங்கள், அதுவும் இடத்தைப் பற்றிய படம்தான். நம் தமிழ்ப் பக்கத்தில் தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005இல் சின்ன முதலீட்டில் எடுத்து வெளிநாட்டு விழாக்களுக்குப் போனது. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015இல் வந்து, அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமானது. இரண்டிலும் தோட்டத்து மக்கள் பேசும் தமிழ் அப்படியே இருக்கிறது. சென்னைத் தமிழில் வசனம் எழுதினால் கேட்டவுடன் பொய் என்று தெரிந்துவிடும். மலாய்ச் சொல்லும் ஹொக்கியென் என்ற சீன வட்டாரமொழி வசவும் கலந்து பேசுகிறவர்கள் நாம், அப்படியே இருக்கட்டும்.

படப்பிடிப்பில் சில விஷயங்கள். நடிகருக்குத் தூரிகை பிடிக்கத் தெரிய வேண்டும். முகத்தை ஒரு ஷாட்டிலும் வேறொருவர் கையை இன்னொரு ஷாட்டிலும் காட்டும் தந்திரம் இரண்டாவது முறையே சலித்துவிடும். வரையத் தெரிந்த ஒருவரை நடிக்கப் பழக்குவது சுலபம். ஒரு ஓவியம் படம் முழுக்க வளர்கிறது என்றால், கதை வரிசைப்படி எடுக்கப்போவதில்லை என்பதால், அதே ஓவியம் வெவ்வேறு கட்டங்களில் நாலைந்து பிரதி தேவைப்படும். அதை வரைபவருக்கு முறையாக ஒப்பந்தம் போட்டுக் காசு கொடுங்கள். ஏழை ஓவியனைப் பற்றிய படத்துக்கு ஓவியர் ஒருவர் ஓசியில் வேலை செய்வது அசிங்கம்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய குழல் விளக்குள்ள அறையில் விநாடிக்கு 24 பிரேமில் எடுத்தால் ஷட்டரை விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு வையுங்கள், இல்லாவிட்டால் படம் துடிக்கும். ஒலியில் அதைவிடக் கவனம் வேண்டும். ஃப்ளாட் அறையில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு டிவி, மோட்டார் சைக்கிள், சாயங்கால மழை, தொழுகை அழைப்பு எல்லாம் மைக்கில் ஏறும். இருவரும் நெருக்கமாக இருக்கும் காட்சியில் பின்னணியில் தொழுகை அழைப்பு ஒலித்தால், அது தற்செயல் என்று யாரும் நம்பமாட்டார்கள், நம்ப வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. நேரம் பார்த்து எடுங்கள், தொகுக்கும்போது மறுபடி கேளுங்கள். கோயில் மணிக்கும் இதே கதைதான். நம் சங்கங்களும் போலீஸ் புகார் கொடுக்கத் தயங்குபவை இல்லை.

அனுமதியைப் பற்றிச் சுருக்கமாக: ஃபினாஸ் என்ற தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகத்திடம் படப்பிடிப்புச் சான்றிதழ், தெருவில் எடுத்தால் மாநகராட்சி, போலீஸ். ஒரே அறையில் நடக்கும் கதைக்கு இந்த அலைச்சல் குறைவு என்பது உங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். கதைச்சுருக்கத்தில் பொய் எழுதாதீர்கள், பின்னால் அதுவே உங்களுக்கு எதிரான காகிதமாகும்.

முடிவைப் பற்றியும் ஒன்று. நாயகன் விமானம் ஏறி மெல்பர்னுக்கோ தைப்பேவுக்கோ போவதோடு முடிக்காதீர்கள். அந்த டிக்கெட்டை வாங்கக் காசு இருந்தால் முதல் காட்சியிலேயே வாங்கியிருப்பானே! சாவும் வேண்டாம். இரண்டுமே, அவனை என்ன செய்வதென்று தெரியாமல் எழுத்தாளர் ஊரைவிட்டு அனுப்புவதுதான். அவன் வாடகை கட்டிக்கொண்டு இங்கேயே இருக்கிற முடிவு கிடைக்கிறதா என்று தேடுங்கள். கஷ்டம்தான், அதைத்தான் யாரும் இன்னும் சரியாக எழுதவில்லை என்பது என் எண்ணம்.

எங்கே காட்டுவது? மும்பையின் கஷிஷ் விழா 2010 முதல் பால்புதுமையர் (தன்பாலீர்ப்பினர், திருநர் போன்றோர்) படங்களுக்காகவே நடக்கிறது, சென்னையில் ரீல் டிசையர்ஸ் இருக்கிறது, தைவானிலும் அப்படி ஒரு விழா உண்டு. பெர்லின் திரைப்பட விழாவில் 1987 முதல் இந்த வகைப் படங்களுக்கு டெடி விருது கொடுக்கிறார்கள். பாங்காக்கின் புரின் பிக்சர்ஸ் தென்கிழக்காசியச் சுயாதீனப் படங்களுக்கு நிதி தருகிறது, ராட்டர்டாமின் ஹூபர்ட் பால்ஸ் நிதியும் உண்டு. சென்னை விழாவுக்கு முதலில் அனுப்பலாம் என்பது என் கட்சி, துணைத்தலைப்பு இல்லாமலேயே உங்கள் வசனத்துக்குச் சிரிக்கிற அரங்கு அது.

ஆனால் விழாவில் ஓடுகிற படத்தின் படத்துணுக்குகள் வாட்ஸப்பில் ஊருக்கு வந்துவிடும். அதனால் நடிகர்கள் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்களாக இருக்க வேண்டும், திரைக்கதையை முழுசாகப் படித்திருக்க வேண்டும், எந்தக் காட்சி எங்கே போகும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். சுவரொட்டியில் யார் முகம், பேட்டி கொடுப்பது யார், பெயர் போடலாமா என்பதை எல்லாம் படப்பிடிப்புக்கு முன்பே பேசுங்கள். அரசாங்க வேலையில் இருக்கிற அண்ணன், கல்யாணத்துக்கு நிற்கிற அக்கா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருக்கிறது. நாயகனாக நடிப்பவரிடம், எடுத்த பிறகும் ஒரு குறிப்பிட்ட தேதிவரை மனம் மாற இடம் கொடுங்கள். தயாரிப்பாளர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நீங்களே தயாரிப்பாளர் என்பதால் சிரிக்க வேண்டாம்.

கடைசியாக, முழுநீளப் படத்தை இப்போதே தொடாதீர்கள். அரிசிக் கோல இரவும் மறுநாள் சாப்பாடும் மட்டும் ஒரு 15 நிமிடக் குறும்படமாக எடுங்கள். நான்கு நடிகர்கள், இரண்டு இடங்கள், பேரங்காடிக்குப் பதில் ஏதாவது ஒரு மண்டபத் தரை. குறும்படத்துக்கும் சட்டம் அதேதான், ஆகவே உள்ளூர்க் காட்சி எதையும் அறிவிக்காமல் நேராக விழாக்களுக்கு விண்ணப்பம் போடுங்கள். நிதி கேட்கப் போகும்போது அந்த 15 நிமிடத்தைத்தான் பார்ப்பார்கள். அம்மா வேடத்துக்கு மட்டும் தொலைக்காட்சி நாடகங்களில் பழகிப்போன முகம் வேண்டாம். பட்டர்வொர்த்தில் மேடை நாடகம் போட்ட அக்கா யாராவது இருப்பார், இந்தத் தீபாவளிக்குள் விசாரித்து வையுங்கள்.